அத்தான் குறைத்த கொழுப்பு

காலை ஆறு மணி. ஜிம்மின் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார் மாஸ்டர். பின்னாலேயே அத்தானும் நுழைந்தார். முட்டிக்கொள்ளவில்லை, முனகவில்லை, ஒரே குனிவில் உள்ளே வந்துவிட்டார்.

பதினோரு வாரத்துக்கு முன்னால் இந்த மனிதர் முதல் மாடிக்கு ஏறி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பேசாமல் நின்றது மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது.

நடுவில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்காக, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாஸ்டரின் அப்பா கோர்ட்டில் முப்பத்து நாலு வருஷம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். எந்தக் காலத்திலோ ஒட்டிக்கொண்ட காமாலைக் கிருமி சத்தமே இல்லாமல் அவருடைய ஈரலை அரித்துவிட்டது. இன்னொருவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால்தான் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னதும் முதலில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனவர் மாஸ்டர்தான். உடம்பில் வேண்டாத கொழுப்பு ஒரு துளி கிடையாது, வேளை தவறாத தூக்கம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. இருந்தும் ரத்த வகை சேரவில்லை. அக்காவுக்கும் சேரவில்லை. அந்தக் குடும்பத்திலேயே ரத்தம் சேர்ந்தது, அக்காவின் கணவருக்கு மட்டும்தான். ஆனால் அவருடைய ஈரலில் பதினெட்டு சதவீதம் கொழுப்பு. பத்துக்குக் கீழே கொண்டுவந்தால் பார்க்கலாம், அப்பாவுக்கு மூன்று மாசத்துக்கு மேல் அவகாசம் இல்லை என்று டாக்டர் கெடு வைத்தார்.

அப்பா அந்த மருமகனிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். "அவர் சாப்பிட்டாரா?" என்று மகளிடம் கேட்பதோடு சரி. அந்த அவர்தான் இப்போது ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, மெஷின் முன்னால் பள்ளிக்கூடப் பையனைப் போல நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார் மாஸ்டர்.

"இல்ல மச்சான். எழுந்ததும் பாத்ரூம் போனேன், நேரா இங்க வந்துட்டேன். உங்க அக்கா டீ நீட்டினா. திரும்பிக்கூடப் பார்க்கல."

"மோதிரம்?"

அத்தான் மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெறுங்காலோடு இரண்டு உலோகத் தகடுகள் மேல் ஏறி, இரு பக்கத்துக் கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டார். உடம்புக்குத் தெரியாத அளவு மெல்லிய மின்சாரம் உள்ளங்காலில் புகுந்து உள்ளங்கைக்கு வரும். தசையில் தண்ணீர் அதிகம் என்பதால் அதில் சுலபமாக ஓடும். கொழுப்பு வழி மறிக்கும். எவ்வளவு மறித்தது என்பதை வைத்து, இந்த உடம்பில் கொழுப்பு இவ்வளவு, மற்றது இவ்வளவு என்று மெஷின் கணக்குப் போட்டுச் சொல்லும்.

திரையில் முதலில் எடை வந்தது. எண்பத்தாறு கிலோ நானூறு கிராம்.

அத்தானின் முகம் தொங்கிவிட்டது. "போன வாரம் எண்பத்தாறு. நானூறு கிராம் ஏறிட்டேன். நேத்து ரெண்டாவது முட்டையை விட்டுத் தொலைச்சிருக்கணும்."

"இறங்காதீங்க. இன்னும் முடியல."

மாஸ்டர் பயந்தது இந்தப் பேச்சுக்குத்தான். நாலாவது வாரக் கடைசியில் அத்தான் ஏழு கிலோ குறைந்து வந்து நின்றார். அக்கா சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மெஷினில் ஏற்றிப் பார்த்தால், போன ஏழில் பாதிதான் கொழுப்பு. மீதி தசையும் தண்ணீரும். துருவித் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மத்தியானச் சாப்பாட்டை டப்பாவோடு தெருநாய்க்குக் கொட்டிவிட்டு, வெறும் டீயில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தார் மனுஷர். மாமாவுக்கு நாள் இல்லையே, சீக்கிரம் இறக்கிவிடலாமே என்று நினைத்தாராம். அன்றைக்கு டாக்டரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "எலும்பும் தோலுமா வந்தா மேஜையில படுக்க வைக்க மாட்டேன். தசை இருந்தாத்தான் ஆபரேஷனுக்கு அப்புறம் எழுந்து நடப்பீங்க."

அதற்குப் பிறகு அத்தான் ஒரு வேளையும் தவறவிடவில்லை. முட்டை, பருப்பு, கீரை என்று மாஸ்டர் எழுதிக்கொடுத்ததை எழுதிக்கொடுத்த நேரத்தில் சாப்பிட்டார். லிஃப்ட் குழிக்குள் வேலையாக இருந்தாலும் மேலே ஏறிவந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் இறங்கினார்.

பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. மாஸ்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"அத்தான், கொழுப்பு முந்நூறு கிராம் குறைஞ்சிருக்கு. தசை எழுநூறு கிராம் கூடியிருக்கு. அதான் எடை ஏறினதுக்குக் காரணம்."

"நிஜமாவா?"

"எழுநூறுல கொஞ்சம் தண்ணியாவும் இருக்கும். ஒரு நாள் நம்பரை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, இந்த மெஷின் குத்துமதிப்புதான். ஆனா வாராவாரம் ஒரே நேரத்துல, வெறும் வயித்துல ஏறியிருக்கீங்க. ஏழு வாரமா ஒரே பக்கமா நகர்ந்துட்டு வருது. அதை நம்பலாம்."

மாஸ்டர் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினார். நாற்பத்து மூன்று அங்குலத்தில் தொடங்கிய இடுப்பு இப்போது முப்பத்தேழரை. இடுக்கி போன்ற கருவியால் வயிற்றோரத் தோலை மடித்துப் பிடித்து, அந்தத் தடிமனையும் அளந்து நோட்டில் குறித்தார். எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்லின.

அத்தான் சாக்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்: "சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் 'உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி'ன்னு சொல்வாங்க மச்சான். என் வாயைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சுட்டிருந்தேன். ஈரல் வரைக்கும் போயிருக்குன்னு யாருமே சொல்லல பாரு."

மாஸ்டர் சிரித்தார். ஒரு காலத்தில் இதே மனிதரைக் குடும்ப விழாக்களில் கேலி பண்ணியிருக்கிறார். "அத்தான் ஏறினா அவங்க கம்பெனி லிஃப்ட்டே மணியடிக்கும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். அத்தானும் கூடவே சிரிப்பார். இப்போது அதை நினைத்தால் மாஸ்டருக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியில் ஈரல் ஸ்கேன். இன்றைய எண்தான் தீர்ப்பு.

ஸ்கேன் அறை தரைத்தளத்தில் இருந்தது. அத்தான் உள்ளே போய் நாற்பது நிமிஷம் கழித்து வந்தார். "மூச்சைப் பிடி, விடுன்னு ஒரு குரல் சொல்லிட்டே இருந்தது. உன் குரலைவிட மரியாதையா இருந்தது" என்றார். ரிசல்ட் ஒரு மணிக்குத்தான் வரும். அதற்கு முன்னால் பதினொரு மணிக்கு அங்கேயுள்ள உணவு ஆலோசகரிடம் உடம்பு அளவெடுக்கவேண்டும்.

அக்கா மாடிப்படியிலிருந்து ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, லிஃப்ட் நின்னுடுச்சு. அப்பா உள்ள இருக்காரு."

ஆறாவது மாடி வார்டிலிருந்து அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து வயிற்று ஸ்கேனுக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட ஒரு உதவியாளர். ஐந்துக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டதாம். விளக்கும் போய்விட்டது. லிஃப்ட் கம்பெனி ஆள் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும். அப்பாவுக்கோ நேற்றிலிருந்தே மூச்சு இரைப்பு.

அத்தான் அக்காவிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "யார் கம்பெனி லிஃப்ட்டு?"

ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் கையில் சாவிக்கொத்தோடு தவித்துக்கொண்டிருந்தார். அத்தான் தன் மெக்கானிக் அடையாள அட்டையை அவரிடம் காட்டிவிட்டு, அந்தக் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டார். மறுமுனையில் தெரிந்த குரல்தான். "அண்ணே, நீங்களா? நீங்க இருந்தா எனக்குக் கவலை இல்ல. பண்ணுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"நீ அஞ்சாவது மாடிக் கதவுகிட்ட நில்லு" என்று அக்காவிடம் சொன்னார் அத்தான். "மச்சான் போனுக்கு அடிச்சு, ஸ்பீக்கர்ல போட்டுக் கதவு இடுக்குல வை. மாமாவோட பேசிட்டே இரு. கதவைத் திறக்க யாரையும் விடாதே. மச்சான், எனக்கு உன் கை வேணும். வா."

மெஷின் அறை மொட்டைமாடியில். தரையிலிருந்து ஏழு மாடி, அதற்கு மேல் ஓர் இரும்பு ஏணி.

அத்தான் இரண்டிரண்டு படியாக ஏறினார். மாஸ்டர் பின்னால். மூன்றாவது மாடித் திருப்பத்தில் எலக்ட்ரீஷியன் நின்று மூச்சு வாங்கி, சாவியை மட்டும் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டார். ஐந்தாவது மாடியில் மாஸ்டருக்கே தொடை காந்தியது. முன்னால் போன முதுகு நிற்கவில்லை. அந்த முதுகில் வாராவாரம் இடுக்கி வைத்துத் தோல் மடிப்பை அளந்தவர் மாஸ்டர். அந்த எண்களுக்கெல்லாம் இப்படி ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவர் யோசித்ததில்லை.

மெஷின் அறைக்குள் போனதும் அத்தான் வேறு ஆளாகிவிட்டார். முதலில் மெயின் சுவிட்சை இறக்கினார். இழுத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

"உள்ள ரெண்டே பேர். எதிர்ப்பக்கத்து எடை கனமா இருக்கும். அதனால பெட்டியை மேல ஏத்துறதுதான் சுலபம். இந்த பிரேக் தண்டைப் பிடி. நான் 'விடு'ன்னா பிரேக் விடணும். 'பிடி'ன்னா அந்த நொடியே பிடிக்கணும். கொஞ்சம்கூட யோசிக்காதே."

"சரி அத்தான்."

பெட்டியைக் கையால் ஏற்றி இறக்குகிற சக்கரத்தில் அத்தான் இரண்டு கையையும் ஊன்றினார். ஸ்பீக்கர் வழியாக அக்காவின் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் அப்பாவின் இருமல்.

அத்தான் மாஸ்டரின் போனைப் பார்த்துப் பேசினார். "மாமா, நான்தான். கொஞ்சம் ஆடும். நாங்க ஆட்டறதுதான் அது. நான் பிடிச்சிருக்கேன்."

அப்பாவின் இருமல் நின்றது.

"விடு."

சக்கரம் ஓரங்குலம் திரும்பியது.

"பிடி."

விடு, பிடி, விடு, பிடி. பழைய மெஷின், பிசுக்கேறிய சக்கரம். மேலே தகரக் கூரை கொதித்தது. அத்தானின் தோளிலும் முன்கையிலும் தசை திரண்டு திரண்டு அடங்கியது. ஐம்பது தடவைக்கு மேல் ஆகியிருக்கும். எண்ணுவதை மாஸ்டர் நிறுத்திவிட்டார். ஐந்தாவது மாடியைக் காட்டுவதற்காகக் கயிற்றில் போட்டிருந்த மஞ்சள் அடையாளம் நேராக வந்ததும் அத்தான் "பிடி, அவ்வளவுதான்" என்றார்.

அவர்கள் கீழே இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் தள்ளியபோது, அப்பா சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மஞ்சள் பூத்த கண்கள். உதவியாளர் அழுதுகொண்டிருந்தார். அப்பா அவர் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அத்தான் சட்டை பிழியப் பிழிய நனைந்து நின்றார். விரல்கள் நடுங்கின. அப்பா அந்த விரல்களைப் பார்த்தார். நர்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொன்றுக்கு உணவு ஆலோசகர் அத்தானை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன சார், ஓட்டப்பந்தயத்துல இருந்து நேரா வர்றீங்களா? இப்படி வேர்த்து வந்தா மெஷின் கன்னாபின்னான்னு காட்டும். உடம்புல தண்ணி போயிருக்கு, தோல் சூடா இருக்கு. ஒரு மணி நேரம் உட்காருங்க. அப்புறம் அளக்கலாம்."

"அவசரமா ஒரு வேலை வந்துடுச்சும்மா" என்றார் அத்தான், தப்பு செய்தவர் மாதிரி. என்ன வேலை என்று சொல்லவில்லை. மாஸ்டர்தான் சொன்னார். கேட்டுவிட்டு அந்த அம்மா எழுந்து மின்விசிறியை அத்தான் பக்கம் திருப்பிவைத்தார்.

ஒரு மணிக்கு டாக்டர் அழைத்தார். அவர் முன்னால் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"ஈரல்ல கொழுப்பு ஆறு சதவீதம்" என்றார். "பதினெட்டுல இருந்து ஆறு. தசையும் முதல் நாள் அளவை ஒட்டி வந்துடுச்சு. எடை குறைச்சுட்டு வர்றவங்களை நிறையப் பார்த்திருக்கேன். சரியானதை மட்டும் குறைச்சுட்டு வர்றவங்க கம்மி. உங்க பக்கம் எல்லாம் தயார். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குள்ள பெரியவர் சம்மதக் கையெழுத்து போட்டா, புதன்கிழமைக்கு ஆபரேஷன் தியேட்டர் எழுதிடறேன்."

அக்கா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தான் கடிகாரத்தைப் பார்த்தார். "மச்சான், ஒண்ணு பத்து ஆச்சு. முட்டை நேரம். கேன்டீனுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிட்டார்.

அப்பாவின் அறைக்கு அக்காவும் மாஸ்டரும்தான் போனார்கள். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சம்மதப் படிவத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். ஓர் எழுத்துப் பிழையைப் பேனாவால் சுழித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு வேண்டாம்."

"அப்பா, என்ன பேசறீங்க நீங்க?"

"இன்னைக்கு அந்தப் பெட்டிக்குள்ள இருட்டுல உட்கார்ந்திருந்தேன். 'நான் பிடிச்சிருக்கேன்'னு ஒரு குரல் வந்தது. என் பயம் அத்தனையும் போச்சு. வெளியில வந்து பார்த்தா, கை நடுங்கிட்டு நிக்கறார். நாற்பத்தொரு வயசு. ஒன்பது வயசுல பொண்ணு. நல்ல உடம்பா ஆக்கிட்டு வந்திருக்கார். அதை எனக்காக வெட்டச் சொல்லி நான் கையெழுத்து போடணுமா?"

"அவரோட ஈரல் திரும்ப வளர்ந்துடும்பா. டாக்டர் சொன்னாரே."

"சொன்னார். ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு வேற மாதிரியும் ஆகும்னு இதே காகிதத்துல மூணாவது பத்தியில போட்டிருக்கு. நீ படிக்கல. நான் படிச்சேன்."

அக்கா படிவத்தை இழுத்து மூன்றாவது பத்தியைத் தேடினாள். அப்பா மகன் பக்கம் திரும்பினார்.

"உன் மெஷின் சொல்லுமா, இவர் திரும்ப எழுந்து வருவார்னு?"

மாஸ்டர் எதற்கெடுத்தாலும் எண் சொல்கிறவர். இன்றைக்குப் பையில் பதினோரு வாரக் காகிதங்களும் இருந்தன. ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை.

"சொல்லாதுப்பா."

"அப்போ நீ சொல்லு. பக்கத்துலேயே இருந்தவன் நீ."

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மூணாவது வாரம் முட்டி வீங்கி வந்தார். போய்ப் படுங்கன்னேன். உட்கார்ந்துட்டே கைக்கு மட்டும் பண்றேன்னு பண்ணினார். ஒரு நாள் நல்ல மழை. நான் லேட்டா போனேன். ஷட்டர் பூட்டியிருக்கு, இவர் வெளியே படியில ஏறி இறங்கிட்டிருக்கார். எவ்வளவு நேரமான்னு கேட்டா, இப்பத்தான் வந்தேன்ங்கறார். சட்டை காயவே ரெண்டு நாள் ஆயிருக்கும். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன்பா. தன் உடம்புக்காகக்கூட ஒருத்தர் இப்படிப் பண்ணிப் பார்த்ததில்லை. நான் கொடுக்க ஆசைப்பட்டேன், முடியல. முதல்ல அது எனக்குப் பொறாமையா இருந்தது. இப்ப இல்ல. என்னைவிடச் சரியான ஆள்கிட்டத்தான் போயிருக்கு."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவரை உள்ள வரச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் வெளியில இருங்க."

அத்தான் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. கதவின் நடுவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி. அக்காவும் தம்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அதன் வழியே பார்த்தார்கள்.

அப்பா கட்டிலோரத்தைத் தட்டிக் காட்டினார். அத்தான் உட்கார்ந்தார். அப்பாதான் பேசினார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக. அத்தான் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அப்பா பேனாவை எடுத்துத் திறந்தார். படிவத்தின் மேல் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டு அத்தானின் முகத்தையே பார்த்தார்.

"சரின்னு சொல்லிடுவார்" என்றாள் அக்கா. "அப்பா எது கேட்டாலும் சரின்னுதான் சொல்வார். கல்யாணம் ஆனதிலிருந்து யாருக்கும் இவர் இல்லைன்னு சொல்லி நான் பார்த்ததே இல்ல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்தார். பிறகு மெதுவாக, தீர்மானமாக, முடியாது என்று தலையாட்டினார்.

(தொடரும்)